செக்கெண்ணெய்க் கடைக்கு விளம்பரம் எவ்வளவு தேவை?

காங்கயம்_செக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. காங்கயத்துக்குப் பக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறோம். மாமனார் தொடங்கியது, இப்போது நானும் வீட்டுக்காரம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். தேங்காய்ப் பருப்பு உள்ளூரிலேயே கிடைக்கிறது. எள்ளும் கடலைக்காயும் சிவகிரி, கொடுமுடிப் பக்கம் எடுக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் பெயர் இருக்கிறது, கலப்படம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது திருப்பூரில் ஒரு கடை போடலாம் என்று பேச்சு. அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

ஒரு விளம்பர ஏஜென்ட் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளூர் கேபிள் டிவி, பஸ் பின்பக்கம், மெயின் ரோட்டில் ஒரு பெரிய போர்டு, சமையல் வீடியோ போடும் ஒரு யூடியூபர், திறப்பு விழாவுக்கு ஆஃபர் நோட்டீஸ். அவர் கேட்கும் தொகைக்கு இன்னொரு செக்கு இறக்கிவிடலாம். "சரக்கு நல்லா இருந்தா சனம் தேடி வரும்" என்கிறார் மாமனார். "நாம இருக்கிறதே தெரியாம எப்படித் தேடி வருவாங்க?" என்கிறார் வீட்டுக்காரம்மா. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. விளம்பரம், ஆஃபர் எல்லாம் ஒரு வியாபாரத்தில் உண்மையில் என்ன வேலை செய்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பவானிக்கூடல்

நான் மாமனார் கட்சி. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு யார் போர்டு வைத்தார்கள்? கோவை சிங்காநல்லூர் சாந்தி கேண்டீனைப் பாருங்கள். அதை நடத்தும் தொண்டு நிறுவனமான, 1996இல் தொடங்கிய சாந்தி சோஷியல் சர்வீஸ் விளம்பரத்தை நம்பி வளரவில்லை. அதை நிறுவியவர் தன் படம்கூட வெளியே வராமல் பார்த்துக்கொண்டவர். அங்கே கூட்டத்துக்குக் குறைவு உண்டா? ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பருப்பு எடுக்கப் போடுங்கள் தம்பி.

---

நொய்யல்கரை

பவானி அண்ணா, சாந்தி கேண்டீன் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அங்கே லாபம் நோக்கமில்லை, குறைந்த விலையே ஊரெல்லாம் பேசும் செய்தி ஆகிவிட்டது. காங்கயம் தம்பியால் அந்த மாதிரி விலை வைக்க முடியாது. ரீஃபைண்ட் எண்ணெயை விட அவர் எண்ணெய் விலை கூடுதலாகத்தான் இருக்கும். பிரச்சினையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் எழுதிய பாடநூலில் சந்தைப்படுத்தலை நான்காகப் பிரித்தார்: பொருள், விலை, விற்கும் இடம், விற்பனை ஊக்குவிப்பு. கல்லூரியில் படித்த எல்லோரும் இதை ஒப்பிப்பார்கள். அதில் நான்காவதை மட்டும் தனியாக எடுத்து ஏஜென்ட் விற்கிறார், சிக்கல் அதுதான். மற்ற மூன்றும் என்ன சொல்கின்றனவோ அதைத்தான் நான்காவது உரக்கச் சொல்ல முடியும். பொருளில் இல்லாததை அது கொண்டுவராது.

உங்கள் பொருளுக்கு இருக்கும் தனிச் சிக்கலை முதலில் பாருங்கள். வாங்குகிறவருக்குப் பாட்டிலைப் பார்த்துத் தரம் தெரியாது. சட்டை வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம், தக்காளி வாங்கினால் அமுக்கிப் பார்க்கலாம். கடலை எண்ணெயில் பாமாயில் கலந்திருக்கிறதா என்று ஒரு குடும்பத்தலைவி சமையலறையில் நின்று கண்டுபிடிப்பது கடினம். கடைக்குக் கடை, தெருவுக்குத் தெரு "மரச்செக்கு" போர்டு தொங்குகிறது. அதனால் உங்கள் விளம்பரம் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் இருக்கிறீர்கள் என்று அறிவிப்பது மட்டுமில்லை. ஏன் உங்களை நம்பலாம் என்று காட்டுவதுதான் முக்கியமான வேலை. பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டு பாட்டில் பிடித்திருந்தால் அந்த நம்பிக்கை வருமா? எனக்குத் தோன்றவில்லை.

எது நம்ப வைக்கும் என்றால், கணக்கு. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலை, ஆட்டும் செலவு, பாட்டில் செலவு, புண்ணாக்கு விற்று வரும் வரவு. இவ்வளவையும் கடை வாசலில் ஒரு கரும்பலகையில் தினமும் எழுதி வையுங்கள். பருப்பு விலையைப் பார்க்கிறவர், அதைவிட மலிவாக எங்காவது "செக்கெண்ணெய்" கிடைத்தால் தானாகவே சந்தேகப்படுவார். போட்டிக்காரர் பெயரை நீங்கள் எடுக்கவே வேண்டாம். முடிந்தால் திருப்பூர்க் கடையிலேயே ஒரு செக்கு ஓடட்டும். ஆடுவதைக் கண்ணால் பார்ப்பதும் அந்த வாசமும் எந்த டிவி விளம்பரத்தையும் விடப் பெரியவை.

---

நாமக்கல்_பண்ணை

நல்ல இழை. எங்கள் தொழிலில் நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முட்டைக்கு ஏது பிராண்டு? என் பண்ணை முட்டையும் பக்கத்துப் பண்ணை முட்டையும் ஒன்றுதான். 1980களின் தொடக்கத்தில் வியாபாரி வைத்ததுதான் விலை. தீவனச் செலவுகூட வராமல் பல பேர் பண்ணையை மூடினார்கள். அப்போதுதான் டாக்டர் பி.வி. ராவ் முன்னெடுப்பில் 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்இசிசி) உருவானது. என்இசிசி நாமக்கல் மண்டல விலை என்று இன்றைக்குத் தினம் பேப்பரில் பார்க்கிறீர்களே, அது அங்கிருந்து வந்ததுதான். ஆனால் விலை அறிவிப்பதோடு அவர்கள் நின்றிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். தூர்தர்ஷன் காலத்தில் வந்த இந்தி முட்டை விளம்பரத்தை இந்தி தெரியாதவர்கள்கூட முணுமுணுத்தார்கள். அதில் எந்தப் பண்ணையின் பெயரும் கிடையாது. முட்டை, முட்டை மட்டும்தான்.

நான் தனியாக ஒரு போர்டு வைத்து "முட்டை சாப்பிடுங்கள்" என்று சொன்னால் அதைப் பார்த்தவர் யாரிடமோ போய் வாங்குவார், எனக்குச் செலவுதான் மிச்சம். எல்லோரும் சேர்ந்து சொன்னதால் எல்லோருக்கும் வந்தது. செக்கெண்ணெயும் பாதி இந்த நிலையில்தான் இருக்கிறது. ரீஃபைண்டுக்கும் செக்குக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்வது ஒரே ஒரு ஆள் செய்கிற காரியமில்லை. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இவ்வளவு ஆலைகள் இருக்கின்றன. ஒன்றாக உட்கார்ந்து ஒரு தரம் வைத்து, சேர்ந்து பேச வேண்டும்.

---

காங்கயம்_செக்கு

அண்ணா, சேர்ந்து செய்ய எனக்கு ஆசைதான். ஆனால் பாமாயில் கலக்கிற ஆளும் அதே கூட்டத்தில் வந்து உட்காருவான். அவனுக்கும் சேர்த்து நான் விளம்பரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

---

நாமக்கல்_பண்ணை

அதனால்தான் "ஒரு தரம் வைத்து" என்று முதலில் எழுதினேன். முட்டையில் கலப்படம் செய்ய வழியில்லை, எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. உங்களுக்குப் பரிசோதனை முதலில், விளம்பரம் அப்புறம்.

---

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்

எங்கள் ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பனியன் ஏற்றுமதியில் இவ்வளவு பெரிய ஊர், டிவியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி விளம்பரமாவது பார்த்திருக்கிறீர்களா? கிடையாது. எங்கள் வாங்குநர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற நாலு பேர். அவர்களுக்குச் சாம்பிள் போகும், நேரில் பேச்சு நடக்கும், ஃபேக்டரி ஆடிட் நடக்கும். திருமுருகன்பூண்டியில் நடக்கும் நிட் ஃபேர் பின்னலாடைக் கண்காட்சியில் ஸ்டால் போடுவோம். சொன்ன தேதிக்கு ஷிப்மென்ட் போவதுதான் அடுத்த ஆர்டருக்கான பேச்சு. இதுவும் விற்பனை ஊக்குவிப்புதான். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

அதே திருப்பூரில் 1983இல் தொடங்கிய ராம்ராஜைப் பாருங்கள். அவர்களுக்குக் கோடிக்கணக்கான வாங்குநர்கள், அதனால் விளம்பரம் இல்லாமல் முடியாது. ஆனால் நூல் எத்தனை, விலை எவ்வளவு என்று விளம்பரத்தில் அடுக்கவில்லை. வேட்டி கட்டி நடந்து வருகிறவருக்கு மற்றவர்கள் சல்யூட் வைப்பார்கள். வேட்டி கட்டினால் மதிக்க மாட்டார்களோ என்ற தயக்கம் இளைஞர்களுக்கு இருந்தது, அந்தத் தயக்கத்தைக் குறி வைத்தார்கள். வாங்குகிறவரைத் தடுப்பது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அசைத்தார்கள்.

ஆகவே காங்கயம் அண்ணா, எந்த மீடியம் என்று ஏஜென்டிடம் பேசுவதற்கு முன்னால், திருப்பூரில் யார் உங்கள் எண்ணெயை வாங்கப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். வாரக் கூலி வாங்கும் தையல் தொழிலாளி செக்கெண்ணெய்க்கு வர மாட்டார், விலை தாங்காது. அவினாசி ரோடு, பி.என். ரோடு பக்கம் சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும் குடும்பங்கள் வரும். அவர்களுக்கு ஏன் ஊர் முழுக்கக் கேபிள் டிவி?

---

காங்கயம்_செக்கு

இது வரைக்கும் வந்ததெல்லாம் ரொம்ப உபயோகம்ங்க. இன்னொரு சந்தேகம். அந்த யூடியூபர், "நல்லெண்ணெய் சாப்பிட்டால் சர்க்கரை குறையும், மாத்திரையே வேண்டாம் என்று சொன்னால்தான் வீடியோ ஓடும்" என்கிறார். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்?

---

ஈரோடு_கணக்கு

தயவுசெய்து வேண்டாம்.

1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டத்தின்படி, சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று எதையும் மருந்தாக விளம்பரப்படுத்துவதே குற்றம். உணவுப் பொருளுக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிமுறைகள் வேறு இருக்கின்றன. அவையும் நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று சொல்ல விடாது. சமையல் எண்ணெய் லேபிளில் "இதயத்துக்கு இதமானது", "கொலஸ்ட்ராலை எதிர்க்கும்" மாதிரி மிகைச் சொற்களுக்கே தடை உண்டு. எந்தத் தாவர எண்ணெயிலும் இயல்பிலேயே கொலஸ்ட்ரால் கிடையாது, அதை உங்கள் எண்ணெயின் தனிச் சிறப்பு மாதிரி காட்டுவதும் தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். வீடியோவில் பரிந்துரைத்தவரும் தப்ப முடியாது. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்றால் அதை வீடியோவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அதைவிட, யாராவது ஒரு பெரியவர் அந்த வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆஃபர் கொடுப்பதாக இருந்தால் வரிக் கணக்கையும் பாருங்கள். சும்மா கொடுக்கும் சாம்பிள் பாட்டிலுக்கு, அதற்காக வாங்கிய சரக்கில் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக (நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. ஆனால் "இரண்டு வாங்கினால் ஒன்று சேர்த்து" என்று கொடுத்தால், ஒரு விலைக்கு மூன்று பாட்டில் விற்றதாகத்தான் கணக்கு. 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். அங்கே உள்ளீட்டு வரவு கிடைக்கும். தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால் தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி. சின்ன விஷயம் மாதிரி தெரியும், திறப்பு விழாவுக்கு நிறைய சாம்பிள் கொடுத்தால் தொகை கூடிவிடும்.

---

கொடுமுடி_அம்மிணி

வாங்குகிறவள் பக்கமிருந்து நானும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் செக்கெண்ணெய்க்கு மாறியது எந்த விளம்பரத்தையும் பார்த்து இல்லை. தோட்டத்துக் கடலைக்காயைக் காய வைத்து, உடைத்து, செக்கில் கொடுத்துக் கூலிக்கு ஆட்டி வாங்குவோம். நம் கண் முன்னால் நம் பருப்பு ஆடுவதால் சந்தேகமே வராது. அப்படிப் பழகிய செக்குக்காரரிடம்தான், தோட்டத்தில் கடலை போடாத வருடம் பாட்டில் எண்ணெய் வாங்கினோம். என் மகள் திருப்பூரில் குடியிருக்கிறாள், அவளுக்கும் அங்கிருந்துதான் போகிறது. அவள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி கேட்டு, இன்னொருத்தி கேட்டு, இப்போது ஒரு வண்டிக்குப் போகும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஆஃபரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோப்புக்கு ஆஃபர் போட்டால் ரெண்டு சேர்த்து வாங்குவேன். செக்கெண்ணெய்க்குப் பாதி விலை என்று நோட்டீஸ் வந்தால் அந்தக் கடைப் பக்கமே போக மாட்டேன். இரண்டரைக் கிலோ பருப்பு விலை எனக்குத் தெரியுமே, எப்படிப் பாதி விலைக்குத் தர முடியும்? உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள் சாமி, அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

---

கோவை_மளிகை

அம்மிணி சொன்னது நூற்றுக்கு நூறு. கடை வைத்திருப்பவன் பார்வையில் இன்னும் கொஞ்சம்.

தள்ளுபடி போட்டால் அந்த வாரம் விற்பனை ஏறும். அடுத்த மாதம் இறங்கும். புதிய ஆள் வந்தது கொஞ்சம்தான், வழக்கமாக வாங்குகிறவர் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார். ரெண்டு மூன்று தடவை அப்படிப் போட்டால் ஆஃபர் எப்போது வரும் என்று காத்திருக்கப் பழகிவிடுவார்கள். எக்ஸ்பயரி நெருங்கும் ஸ்டாக்கைத் தள்ளுவதற்குத் தள்ளுபடி சரி. பெயர் எடுக்க அது உதவாது.

முதல் தடவை வாங்குகிறவருக்கு விலையைக் குறைப்பதை விட அளவைக் குறையுங்கள். 200 மில்லி பாட்டில் போடுங்கள். ஒரு லிட்டருக்கு அவ்வளவு காசு போட்டு, பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான் தடை. சின்னப் பாட்டிலில் அந்தப் பயம் போய்விடும். ஒரு வாரம் தோசைக்கு ஊற்றிப் பார்த்தால் வாசம் பேசிவிடும். கோவையில் ஸ்வீட் கடைகளில் கேட்டால் ஒரு துண்டு கையில் கொடுப்பார்களே, அதுவும் இதே வேலைதான்.

உங்கள் சொந்தக் கடை தவிர மற்ற மளிகைக் கடைகளுக்கும் போடுவதாக இருந்தால் கடைக்காரரையும் கவனிக்க வேண்டும். பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்று ஸ்கீம் கொடுக்கும் கம்பெனிகள் நிறைய. நான் அதைப் பார்த்து ரேக்கில் இடம் கொடுப்பேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் சரக்கைத்தான் கண் உயரத்தில் வைப்பேன். செக்கெண்ணெய்ப் பாட்டிலின் அடியில் படிந்த மண்டியைப் பார்த்து "இது என்னங்க அழுக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. செக்கெண்ணெயில் மண்டி இயல்பு என்று நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பாட்டில் மேலேயே ஒரு வரி எழுதிவிட்டால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

---

பவானிக்கூடல்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பொருள்தான் முதல் என்ற என் கட்சியில் மாற்றமில்லை. அதோடு எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சேர்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் வெளியூர் விசைத்தறியில் ஓட்டிய மலிவு விரிப்பு பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்கிறது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிற எங்கள் நெசவாளிக்கு அந்த விலையோடு மோத முடியாது, தறிகள் குறைந்துகொண்டே போகின்றன. சரக்கில் குறை என்று யாரும் சொல்லவில்லை. கைத்தறி எது, மற்றது எது என்று சென்னையில் கடைக்கு வருகிற ஒரு வாங்குநருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அதற்குக் காசும் யாரும் ஒதுக்கவில்லை. சான்றிதழ் அலுவலகத்துக்குள் இருக்கிறது, போலி கடைத்தெருவில் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் குறியீடு வந்தபோது இதே கவலைதான் எனக்கு.

நல்ல சரக்கு வைத்திருப்பவன் வாய் திறக்காமல் இருந்தால் அவன் பெயரில் வேறொருவன் விற்றுவிடுவான். மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள் தம்பி.

---

நொய்யல்கரை

பவானி அண்ணா எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. அந்தக் கடைசிப் பத்தியைத் தொழில் சங்கங்கள் எல்லாம் படிக்க வேண்டும்.

காங்கயம் தம்பிக்கு இரண்டு விஷயம் மட்டும்.

பெரிய போர்டு வேண்டாம் என்பது என் கருத்து. காசு மட்டும் காரணமில்லை. 2023 ஜூனில் கருமத்தம்பட்டி பக்கம் விளம்பரப் போர்டு கட்டும்போது சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அனுமதி இருக்கிறதா, யார் கட்டுகிறார்கள் என்று எந்த ஏஜென்டும் உங்களுக்குக் காட்ட மாட்டார். உங்கள் பெயர் எழுதிய பலகை அது, பொறுப்பு உங்களுக்கும் வரும்.

அடுத்து, எதில் காசு போட்டாலும் அதிலிருந்து ஆள் வந்தாரா என்று பார்க்க வழி வையுங்கள். பில் போடும்போது "எப்படிங்க நம்ம கடை தெரிஞ்சது?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் அதே நோட்டில், வந்தவர் இரண்டாவது தடவை வந்தாரா என்று பாருங்கள். முதல் தடவை வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து விளம்பரத்தை அளப்பது ஏஜென்டின் கணக்கு. எண்ணெய் தீர்ந்ததும் திரும்ப வந்தவர்களை வைத்து அளப்பதுதான் உங்கள் கணக்கு. முதல் தடவை நிறையப் பேர் வந்து, இரண்டாவது தடவை யாரும் வரவில்லை என்றால், விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது, மற்ற மூன்றில் (பொருள், விலை, விற்கும் இடம்) எங்கோ ஓட்டை இருக்கிறது. அப்போது விளம்பரத்தைக் கூட்டினால் நஷ்டமும் கூடும்.

காலமும் பார்த்துச் செய்யுங்கள். தீபாவளிக்கு முன்னால் முறுக்கு, அதிரசத்துக்குக் கடலை எண்ணெய், எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய், அடுத்து கார்த்திகை விளக்கு. கடை திறக்கிறது புரட்டாசி கடைசி என்றால் எல்லாம் கூடி வரும். சித்திரையில் அதே காசைப் போட்டால் பாதி வீணாகும்.

---

காங்கயம்_செக்கு

எல்லோருக்கும் நன்றிங்க. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். பவானி அண்ணா ஜமக்காளம் பற்றி எழுதியதை மாமனார் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

இப்போதைக்கு முடிவு இது. போர்டு, கேபிள், யூடியூபர் வேண்டாம். திருப்பூர்க் கடையில் ஒரு செக்கு ஓடும், வாசலில் பருப்பு விலைப் பலகை இருக்கும். அது மாமனார் பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கூலிக்கு ஆட்டித் தருவதும் உண்டு. 200 மில்லி பாட்டில் போடுகிறோம். அபார்ட்மென்ட்களுக்கு வீட்டுக்காரம்மா நேரில் போய்ப் பேசுகிறார். மாதிரி எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த ரிப்போர்ட்டைக் கடையில் ஒட்டப் போகிறோம். நாமக்கல் அண்ணா சொன்ன கூட்டு முயற்சியைப் பற்றி இரண்டு செக்குக்காரர்களிடம் பேச்சு எடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

ஈரோடு சார், லேபிள் அச்சுக்குப் போகிறது. லிட்டர் அளவோடு கிராமும் போட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

---

ஈரோடு_கணக்கு

உண்மைதான், கட்டாயம் போடுங்கள். எண்ணெய் சூட்டில் விரியும். சில கம்பெனிகள் 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று பொடி எழுத்தில் போட்டு எடையைக் குறைத்துக் கொடுத்தார்கள். அதனால்தான் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவோடு எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று 2022இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை சொன்னது. லிட்டர் பாட்டிலுக்குப் பொதுவாக 910 கிராம் என்று போடுவார்கள். நீங்கள் எதைப் போட்டாலும் அந்த எடை உள்ளே இருக்க வேண்டும், அதனால் பாட்டில் நிரப்பும் இடத்தில் ஒரு தராசு வைத்து எடை பார்த்தே ஊற்றுங்கள். எடை எழுத்தை லேபிளின் முன்பக்கமே பெரிதாகப் போடுங்கள், மண்டி பற்றிய வரி அதற்குக் கீழே வரட்டும். எம்ஆர்பி, பேக்கிங் மாதம், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிசைனை எனக்கு அனுப்புங்கள். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்.